பூச்சி பறக்காத படம்

இராமையாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தச் சாமானையும் இருக்கிறபடி இருக்க விடமாட்டார். தோட்டத்து ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் அவர் வயர்மேன். கொழுந்து வாட்டும் காற்றாடியோ, ரோலரின் மோட்டாரோ கொஞ்சம் முனகினால் போதும், திருப்புளியும் கையுமாக ஓடுவார். அது தொழில், சரி. வேலை முடிந்து, வரிசை வீடான லயத்துக்கு வந்த பிறகாவது அந்தக் கை சும்மா இருக்க வேண்டாமா? பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த செல்லசாமியின் ரேடியோ நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. இன்னும் நன்றாகப் பாட வைக்கிறேன் என்று வாங்கிக் கழற்றி, ஊமையாக்கிக் கொடுத்தவர் அவர். செல்லசாமி நல்ல மனிதர், சிரித்துவிட்டுப் போனார். வேறொருவராக இருந்தால், காலையில் எல்லாரையும் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வைத்து மானத்தை வாங்கியிருப்பார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. மலைநாட்டு வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காலையில் காயப்போட்ட சட்டையை மறுநாளும் ஈரத்தோடுதான் மாட்ட வேண்டும். தோட்டத்தைப் புதிதாக எடுத்திருந்த கம்பனி, ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாகப் பேச்சு வந்தது. செக்ரோல் என்ற சம்பளப் பதிவும் கொழுந்துக் கணக்கும் இனி அதில்தான். ஏ.எல். படித்த தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு வேலை கொடுப்பார்கள், கொழும்பிலிருந்து ஆள் வந்து சோதித்துப் பார்த்து எடுப்பான் என்றார் பெரிய கிளாக்கர். இராமையாவின் மகள் பிரியந்தி ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்தாள். பல்கலைக்கழகம் போகக் கெம்பஸ் இடம் கிடைக்கவில்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் அவளும் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்குத்தான் போக வேண்டும்.

"எம் மக கூடை மாட்டக் கூடாதுங்க," என்று அவர் மனைவி வேலாயி அடிக்கடி சொல்வாள். கொழுந்து பறித்துப் பறித்து அவளுடைய விரல்கள் கறை ஏறிக் கறுத்திருந்தன. "அட்டை கடிச்ச காலு என்னோட போகட்டும்."

பிரியந்திக்குக் கணக்குப் படிப்பித்த குகநேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். விசயத்தைக் கேள்விப்பட்டதும் ஒரு சாக்குப்பையில் சுற்றி எதையோ கொண்டுவந்து அவர்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தால் ஒரு தட்டையான பெட்டி, மேலே டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக் கட்டைகள்.

"இது பழைய கம்ப்யூட்டர். வீட்டில வச்சுப் பழகிறது. என்ர தம்பி லண்டனிலயிருந்து எப்பவோ அனுப்பினவன். சும்மா கிடக்கு, பிள்ளை பழகட்டும்," என்றார் மாஸ்டர்.

"ஆபீசுக்கு வாறது புது மிஷினாச்சே சேர்?" என்று கேட்டாள் பிரியந்தி.

"எழுத்து இருக்கிற இடம் எல்லாத்திலயும் ஒண்டுதான் பிள்ளை. விரல் பழகினால் அதுவே காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அந்தப் பெட்டிக்குத் தனித் திரை கிடையாது. டிவியின் அன்டெனா ஓட்டையில் அதன் வயரைச் செருகினால் டிவிதான் திரை. எழுத்து அடிக்கப் பழக்கும் பாடம் ஒரு கெசட்டில் இருந்தது. பழைய கெசட் ரெக்கோடரை அதோடு கோர்த்துப் பாட்டுப் போடுவது போல ஓடவிட்டால், கீச்சுக்கீச்சென்று கத்திவிட்டுப் பாடம் திரைக்கு வரும். வந்த படம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது? திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பூச்சி பறந்தது. எழுத்துகளுக்குக் கரை கட்டினாற்போல நிழல் விழுந்தது. பிரியந்தி மட்டும் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தாள். ரொட்டி சுட்டு வைத்தால் ஆறிப்போகும். கூப்பிட்டால் "இந்தா வாறேம்மா" என்பாள், வரமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லசாமி வந்து வாசலில் நின்று பார்த்தார். பார்த்தவர் சும்மா போகவில்லை.

"என்னா மச்சான், வெளியதான் மழைன்னு பாத்தா ஒங்க டிவிக்குள்ளயும் மழை ஊத்துதே! தோட்டத்துக்கே லைட்டு போடுற வயர்மேன் வீட்டுல இப்புடி ஒரு படமா?"

லயத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். இராமையாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது வேலாயியிடம், "புள்ளைக்குக் கண்ணு கெட்டுப் போயிரும் போல இருக்கு. அந்தப் படத்த ஒரு வழி பண்ணணும்," என்றார்.

"அவ ஒண்ணும் சொல்லலியே."

"அவ சின்னப்புள்ள, அவளுக்கு என்னா தெரியும்?"

பிரியந்தி வீட்டின் உள்ளறையில்தான் இருந்தாள். அவளிடமே கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை.

மறுநாளே பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டார். உள்ளே ஒரு மூலையில் சின்னத் தகரப் பெட்டி ஒன்று ஈயம் வைத்து ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் தருகிற படத்தை அந்தத் தகரப் பெட்டி ஒரு டிவி நிலையத்து அலை மாதிரி மாற்றி வெளியே அனுப்பும். டிவி அதை அன்டெனா வழியாக வாங்கி, மறுபடி பிரித்துப் படமாக்கும். கட்டுவதும் பிரிப்பதுமான இந்த வேலையில்தான் படம் கெட்டுப் போகிறது என்று இராமையாவுக்கு விளங்கியது.

"கொழுந்து மாதிரிதான்," என்று செல்லசாமிக்கு விளக்கினார். "மலையில இருந்து நேரா ஸ்டோருக்கு வந்தா நல்ல கொழுந்து. நடுவுல சாக்கு மாத்தி சாக்கு மாத்திக் கொண்டாந்தா வதங்கிப் போகுதா இல்லியா? இந்தத் தகரத்த ஒதுக்கிட்டு, படத்த அப்புடியே டிவியோட உள்ளுக்குக் குடுத்துட்டா முடிஞ்சுது."

"என் ரேடியோவுக்கும் இப்புடித்தான் சொன்னீங்க மச்சான்."

குகநேசன் மாஸ்டரிடம் கேட்டதற்கு, அவர் ஒரு இங்கிலீஷ் சஞ்சிகையிலிருந்து அந்த வேலைக்கான சர்க்கிட் படத்தைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"இஞ்ச பெட்டி கட்டி ஒரு எச்சரிக்கை போட்டிருக்கு இராமையா. பழைய டிவியளுக்கு நேர குடுக்கக் கூடாதாம். நடுவில ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டுக் கரண்டைப் பிரிக்க வேணுமாம்."

"தெரியுங்க சேர். கரண்டோடதானுங்களே நம்ம பொழப்பே."

"தெரிஞ்சால் சரி. சாமான் கண்டியில எடுக்கலாம். அவசரப்படாதேங்கோ."

"சரிங்க சேர்."

தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. அவருக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் வீட்டு டிவி பழைய மாதிரி. அதன் உள்தகட்டுக்கும் வீட்டுக் கரண்டுக்கும் நடுவே மறைப்பே கிடையாது. ரெண்டு முனை பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் தகடு சாதுவாக இருக்கும். திருப்பிச் செருகினால் தகடு முழுக்கக் கரண்டு. செய்தவன் அன்டெனா ஓட்டைக்கு ஒரு தடுப்பு வைத்திருந்ததால் இத்தனை நாளும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது இராமையா அந்த வழியை விட்டுவிட்டு உள்ளே நேராக வயர் கொடுக்கப் போகிறார். தகட்டில் வருகிறதெல்லாம் கம்ப்யூட்டருக்கும் அதில் கோர்த்த சாமான்களுக்கும் வரும். ட்ரான்ஸ்போமரை அடுத்த மாதம் தீவாளிச் சாமான் வாங்கக் கண்டி போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார். சரஸ்வதி பூசை முடிந்த கையோடு கொழும்பு ஆள் வருகிறான், அதற்குள் பிள்ளை நல்ல படத்தில் பழக வேண்டாமா என்பது அவருடைய அவசரம். லயத்துக்காரர்களை வாயடைக்க வைக்க வேண்டும் என்பதும் அதற்குள் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர், ரெண்டு மூன்று ரெசிஸ்டர், கொஞ்சம் வயர், அவ்வளவுதான் சாமான். தகரப் பெட்டிக்குப் போகிற கம்பியைக் கழற்றி, அதைக் கொண்டு தன் சின்னச் சுற்றில் இணைத்தார். டிவியின் பின்மூடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு ஒரு சொக்கட் பொருத்தினார். வீடெல்லாம் ஈயப்புகை. வேலாயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தாள்.

போட்டுப் பார்த்தபோது, அடடா, படமா அது! கறுப்புக் கறுப்பாக, கல்லில் வெட்டினது போல எழுத்து. ஒரு பூச்சி இல்லை, ஒரு நிழல் இல்லை. இராமையா டெஸ்டரால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். பிளக்கைத் திருப்பிச் செருகித் தொட்டால் டெஸ்டர் விளக்கு எரிந்தது. நேராகச் செருகினால் எரியவில்லை. மகள் நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் குப்பியை எடுத்து, பிளக்கின் நல்ல பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார்.

"இந்தா பாரு பாப்பா. செவப்புப் பொட்டு மேல பாத்த மாதிரிதான் செருகணும். மாத்திறாத."

"மாத்திச் செருகினா என்னாப்பா ஆகும்?"

அடுப்பங்கரையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வேலாயியின் கை நின்றது. கரண்டு என்றால் அவளுக்குப் பேய். ஷோக் அடிக்கும் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கம்ப்யூட்டரையும் டிவியையும் சேர்த்துச் சாக்கடைக் கானுக்குள் தூக்கி வீசிவிடுவாள்.

"படம் வராது," என்றார் இராமையா.

பாவி மனிதர், அப்படித்தான் சொன்னார். படம் எந்தப் பக்கம் செருகினாலும் வரும். அவருக்கு அது தெரியும்.

அந்த வாரம் லயத்தில் இராமையாதான் ராசா. பின்னேரமானால் ஆள் வந்து எட்டிப் பார்க்கும். "சினிமாக் கொட்டாய் கெட்டுது மச்சான்," என்று செல்லசாமியே ஒப்புக்கொண்டு, ரேடியோவையும் சரிசெய்யத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கினால் எல்லா வீட்டிலும் போல இங்கேயும் பிளக்கைக் கழற்றிப் போடுவார்கள். மழை விட்டதும் பிரியந்தி பொட்டைப் பார்த்துச் செருகுவாள். பெரிய கிளாக்கர் கூட ஒருநாள் குடையோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "இவளுக்கில்லாம வேற யாருக்கு வேல?" என்று சொல்லிப் போனார். வேலாயி அன்று மலையில் இருந்த அத்தனை பேரிடமும் அதைச் சொன்னாள்.

சரஸ்வதி பூசை வந்தது. அன்று ஸ்டோரில் பெரிய பூசை. மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, கலர் பல்பு கட்டி, தொரையே வந்து கும்பிடுவார். இராமையா காலையிலிருந்தே அங்கேதான். வீட்டில் வேலாயி சாணி போட்டு மெழுகி, பாய் விரித்து, கும்பிடச் சாமான்களை வரிசையாக வைத்தாள். அவளுடைய கூடை, கவ்வாத்துக் கத்தி, புருசனின் குறடு, திருப்புளி, மகளின் புத்தகங்கள், டிவி, கம்ப்யூட்டர். சுண்டலும் அவலும் படைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள் பிளக்கைப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு.

"இந்த மனுசனுக்கு எதுலதான் பொறுமை? பொட்டு வெச்சா முழுசா வெக்கணும், ஒத்தையில விட்டுட்டுப் போயிருக்காரு," என்று சிரித்தாள். அதன் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மறுபக்கமும் திருப்பி அதே மாதிரி வைத்தாள். பிரியந்தி அப்போது பூப் பறிக்கப் போயிருந்தாள்.

பூசை அன்றைக்குச் சாமானைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, எதையும் தொட்டுத் தொடங்க நல்ல நாள். இராமையா மெஷின்களைத் திரும்ப ஓடவிட விடியவே ஸ்டோருக்குப் போய்விட்டார். "தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து, நல்ல நேரத்துல ரெண்டு எழுத்து அடிச்சுரு தாயி," என்றாள் வேலாயி. பிரியந்தி ஈரத்தலையும் வெறுங்காலுமாக வந்து உட்கார்ந்தாள். மெழுகின தரை இன்னும் காயவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இராமையா நேரில் பார்க்கவில்லை. செல்லசாமி சொல்லித்தான் தெரியும். வேலாயிக்கு அடுப்பங்கரையில் டொக்கு டொக்குச் சத்தம் கேட்டதாம். பிறகு சத்தம் நின்றதாம். பாடத்தை ஓட விடப் போகிறாள் என்று நினைத்தாளாம். கெசட் ரெக்கோடர் சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தால், பிள்ளை ரெக்கோடர் வயரின் இரும்பு முனையைப் பிடித்தபடி கண் செருகி விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள், வாய் திறந்திருக்கிறது, குரல் வரவில்லை. வேலாயி போட்ட கூச்சலில் ஓடிவந்த செல்லசாமி, "தொடாதீங்கக்கா!" என்று அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, விளக்குமாற்றுக் கட்டையால் வயரை அடித்துப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். ரெக்கோடரும் கீழே விழுந்தது, பிள்ளையும் விழுந்தாள்.

இராமையா ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு வந்திருந்தது. வலது கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். பெருவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் கருகிப்போயிருந்தன. உயிருக்குப் பயமில்லை, விரல் மடங்க நாளாகும் என்றார் டொக்டர். இராமையா கட்டில் ஓரத்தில் நின்றார், உட்காரத் தோன்றவில்லை.

"படம் வந்திச்சேப்பா," என்றாள் பிரியந்தி. குரல் கம்மியிருந்தது. "ரெண்டு பக்கமும் பொட்டு இருந்திச்சு. எதுன்னு தெரியல்ல. சரி, மாத்திச் செருகியிருந்தா படம் வராதுன்னு நீங்க சொன்னீங்கதானே, போட்டுப் பாப்போம்னு போட்டேன். படம் வந்திச்சு. அதனால சரியாத்தான் போட்டிருக்கேன்னு நெனச்சேன்."

இராமையாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே விறாந்தையில் வேலாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நாந்தான் கெடுத்தேன்! என்னா கொறை வெச்சேனோ, பூசையில என்னா தப்புப் பண்ணினேனோ! என் கையால பொட்டு வெச்சு என் புள்ளைய நானே..."

"நீ இல்ல வேலாயி."

"நாந்தானே வெச்சேன்!"

"நான் பொய் சொன்னேன். மாத்திச் செருகினா ஷோக் அடிக்கும்னு எனக்குத் தெரியும். படம் வராதுன்னு சொன்னது பொய். நீ பயந்து தூக்கிப் போட்டுருவியேன்னு அப்புடிச் சொன்னேன்."

வேலாயியின் அழுகை சட்டென்று நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரிஞ்சேவா?"

"ஒரு ட்ரான்ஸ்போமர் போட்டிருக்கணும். தீவாளிக்கு வாங்கலாம்னு..."

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றாள் வேலாயி. சத்தம் போடவில்லை, அதுதான் இராமையாவுக்குத் தாங்கவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா நான் தூக்கித்தான் போட்டிருப்பேன். போட்டிருந்தா எம் புள்ள கை நல்லா இருந்திருக்கும்."

கொழும்பு ஆள் சொன்னபடி சொன்ன நாளில் வந்தான். நாளைத் தள்ளி வைக்க முடியுமா என்று குகநேசன் மாஸ்டர் போய்க் கேட்டார். இன்னும் நாலு தோட்டத்துக்குப் போக வேண்டும், முடியாது என்றுவிட்டான். பிரியந்தி கட்டுப் போட்ட கையோடு புறப்பட்டாள். "இடது கையால அடிப்பேன்பா, மெதுவாத்தான் வரும், ஆனா வரும்," என்றாள். இராமையா ஆபீஸ் வாசலில் மழைக்குள் நின்றார். சன்னல் வழியாக அவருக்கு எல்லாம் தெரிந்தது.

அவள் புது மிஷினின் முன்னால் உட்கார்ந்தாள். கொழும்பு ஆள் ஏதோ எழுதிக் கொடுத்து அடிக்கச் சொன்னான். அவள் இடது கையைத் தூக்கினாள். விரல் எழுத்துக் கட்டைக்குப் பக்கம் போயிற்று, நின்றது, திரும்பி மடிக்கு வந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி வந்தது. குனிந்து மேசைக்குக் கீழே வயர்கள் போகிற பக்கம் பார்த்தாள். கொழும்பு ஆள் பொறுமையாகத்தான் இருந்தான், தண்ணீர் கூடக் கொடுத்தான். கடைசியில் பெரிய கிளாக்கரிடம் சிங்களத்தில் என்னவோ சொல்லிக் கையை விரித்தான். அந்த வேலை கீழ்ப்பிரிவில் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மகளுக்குப் போயிற்று. அந்தப் பிள்ளையையும் குறை சொல்ல முடியாது, நன்றாகப் படித்தவள்.

விரல் ஆறினது, பெருவிரல் மட்டும் முழுக்க மடங்கவில்லை. தைப்பொங்கல் கழிந்து பிரியந்தி பேர் பதிந்தாள். முதல் நாள் பெரட்டுக்கு அவள் தாயின் பழைய கூடையோடு போனபோது வேலாயி அழவில்லை, பின்னால் நடந்துகொண்டே ஈரம் படாமல் கட்டும் சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டாள். மடங்காத விரலோடு கொழுந்து பறிப்பது கஷ்டம். நிறுவையில் அவள் கொழுந்து எப்போதும் குறைந்தது. கங்காணி முகத்தைச் சுளிப்பார், பக்கத்துத் தேயிலை நிரையில் பறிப்பவள் தன் கொழுந்தில் ஒரு பிடி அள்ளிப் போடுவாள். ஸ்டோருக்கு வந்து சேரும் சாக்குகளைப் பார்க்கும்போதெல்லாம், இதில் எது என் மகள் பறித்தது என்று இராமையாவின் மனம் தேடும்.

அவர் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்தார். இம்முறை யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. தான் போட்ட ட்ரான்சிஸ்டரைக் கழற்றினார். தகரப் பெட்டியின் கம்பியைப் பழைய இடத்திலேயே ஒட்டினார். டிவிக்குள் கொடுத்த வயரைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்தார். அன்டெனா வழியாகவே கொடுத்துவிட்டு, பிளக்கை ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செருகி, டெஸ்டரால் மட்டுமில்லை, தன் வெறுங்கையாலும் ஒவ்வொரு இரும்பாகத் தொட்டுப் பார்த்தார். வேலாயி அவரைத் தடுக்கவில்லை. எங்கும் ஷோக் அடிக்கவில்லை. திரையில் பழையபடி பூச்சி பறந்தது, எழுத்துக்கு நிழல் விழுந்தது. வேறு தோட்டங்களிலும் ஆபீசுக்கு ஆள் எடுப்பதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு தடவை முயலலாம், பழகினால் பயம் போய்விடும் என்று இராமையா நினைத்தார்.

பிரியந்தி மலையிலிருந்து வந்து, வாசலில் நின்று காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாப்பா, உள்ளுக்கு வா. எல்லாத்தையும் பழைய மாதிரியே மாத்திட்டேன். சத்தியமா ஒண்ணும் அடிக்காது, நான் தொட்டுப் பாத்துட்டேன். படம் மட்டும் கொஞ்சம் மங்கல்தான். பக்கத்துல வந்து பாரு, எழுத்து தெரியுதான்னு."

அவள் பக்கத்தில் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். பூச்சிக்கும் நிழலுக்கும் நடுவே அங்கே இருந்த பாடத்தை மேலிருந்து கீழாக, ஒரு சொல் தடுக்காமல், இங்கிலீசில் சத்தமாக வாசித்தாள். கடைசி வரியில் இருந்த சின்ன எழுத்தையும் விடவில்லை. இராமையா மூக்கைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை.

"எனக்கு இதுவே போதுமா இருந்திச்சுப்பா," என்றாள் பிரியந்தி. கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க ஒருக்கா என்கிட்ட கேட்டிருக்கலாம்."

அவள் கூடையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, கை கால் கழுவத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் போனாள்.